ஹூக்ளி ஆற்றில் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தூத்துக்குடிக்காரன். நிலக்கரிக் கப்பல்களில் சுக்கானியாக, அதாவது சுக்கான் பிடிக்கும் ஆளாக, பல வருஷம் மேற்கு வங்காளத்து ஹால்டியாவுக்கும் சில தடவை கொல்கத்தாவுக்கும் போய் வந்திருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்களும் கப்பலுக்குப் போக நினைக்கும் தம்பிகளும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அண்ணே, கொல்கத்தா கடற்கரையிலதானே இருக்கு? அப்புறம் என்ன ஆத்துக்குள்ள கப்பல்?

இல்லை தம்பி, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கொல்கத்தா கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஹூக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஆற்றுத் துறைமுகம் இது ஒன்றுதான். ஆற்றுக்குள் கப்பலுக்கு வழி சொல்லும் ஆளான பைலட் கடலில் ஏறும் சாண்ட்ஹெட்ஸ் என்ற இடத்திலிருந்து கொல்கத்தா டாக் வரை சுமார் 220 கிலோமீட்டர். அதில் கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர் ஆற்றுக்குள்ளேயே ஓடவேண்டும். ஹால்டியா கீழே, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சுமார் 120 கிலோமீட்டரோடு முடிந்துவிடும்.

கொல்கத்தாவில் கிதர்பூர் டாக் 1892-ல் திறந்தது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, ஆறு அவற்றைத் தாங்காது என்று ஆனபிறகு 1977-ல் ஹால்டியா வந்தது. இரண்டும் ஒரே துறைமுக நிர்வாகம்தான். 2020-லிருந்து அதன் பெயர் சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம், ஆனால் கப்பலில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, கொல்கத்தா ஹால்டியா என்றுதான் பேச்சு.

ஹூக்ளியும் கங்கையும் ஒண்ணா, வேறயா?

கங்கையின் ஒரு கிளைதான் ஹூக்ளி. பெரும்பகுதித் தண்ணீர் பத்மா என்ற பெயரில் பங்களாதேஷுக்குள் போய்விடுகிறது, இந்தப் பக்கம் பிரிந்து வருவது ஹூக்ளி. உள்ளூர்க்காரர்கள் இதையும் கங்கா என்றே சொல்வார்கள்.

ஆறுன்னா ரெண்டு பக்கமும் கரை தெரியுது, நடுவுல நேராப் போக வேண்டியதுதானே. பைலட் எதுக்கு?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சாகர் தீவுப் பக்கம் நின்று பார்த்தால் ஆறு கடல் மாதிரி விரிந்து கிடக்கும், எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு தண்ணீரில் கப்பல் போகக்கூடிய தடம் ஒரு தெரு மாதிரி குறுகலானது. மற்ற இடமெல்லாம் மேலே தண்ணீர், ஓர் ஆள் இரண்டு ஆள் ஆழத்தில் மணல். அந்தத் தெருவும் ஓரிடத்தில் நிற்காது. போன மாசம் ஆழமாக இருந்த இடம் இந்த மாசம் மேடாகிவிடும், புது இடத்தில் பள்ளம் விழும். துறைமுகத்தின் அளவைப் படகுகள் ஓயாமல் ஆழம் பார்த்துக்கொண்டே இருக்கும், மிதவைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நடு ஆறு என்பது கரையில் நிற்பவருக்குத்தான். தடம் சில இடத்தில் கரையை உரசுகிற மாதிரி போகும், ஓலை வீட்டு வாசலில் பாத்திரம் கழுவும் அம்மா நிமிர்ந்து பார்ப்பது தெரியும். மோயாப்பூர், பலாரி, ஆக்லாந்து என்று ஒவ்வொரு மணல் மேட்டுக்கும் பெயர் உண்டு, பைலட் அதையெல்லாம் சொந்தக்காரர் பேர் மாதிரி சொல்வார். இந்த ஆற்றுக்கான பைலட் வேலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, 17-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. இன்றைக்குக் கரையில் ரேடார் வைத்துக் கண்காணிக்கிறார்கள், கப்பலில் மின்னணு வரைபடம் இருக்கிறது, ஆனாலும் பைலட் இல்லாமல் எந்தப் பெரிய கப்பலும் உள்ளே வருவதில்லை.

அவர் நடுக்கடல்ல எப்படிக் கப்பல்ல ஏறுவாரு? ஹெலிகாப்டரா?

கயிற்று ஏணிதான். லாஞ்சில், அதாவது சின்ன மோட்டார் படகில் வந்து, அது அலையில் மேலே எழும் நொடியில் ஏணியைப் பிடித்து ஏறுவார். கப்பலின் பக்கச் சுவர் தண்ணீரிலிருந்து 9 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் கயிற்று ஏணியை மட்டும் தொங்கவிடக் கூடாது, பாதி உயரத்துக்குப் படிக்கட்டு ஏணியும் சேர்த்து இறக்கவேண்டும் என்பது சர்வதேச விதி.

கீழே இருந்து பார்க்கும் உங்களுக்கு அது ஏணி. மேலே சாரங்குக்கு அது வயிற்றில் புளி. (சாரங்கு என்றால் டெக் ஆட்களுக்குத் தலைவர், சில கப்பலில் போசன் என்பார்கள்.) தென்மேற்குப் பருவமழை நேரத்தில் சாண்ட்ஹெட்ஸில் லாஞ்ச் ஆடுகிற ஆட்டத்தில், பைலட்டின் கால் ஏணிப் படியில் பட்டு, கை டெக் கம்பியைப் பிடிக்கும்வரை யாரும் பேசமாட்டோம். ஏறிவிட்டால் முதல் வேலை அவருக்கு டீ.

கடல் ஏறுது இறங்குதுன்னு பெருசாச் சொல்றீங்களே, நம்ம ஊர்லயும்தான் ஏறி இறங்குது?

சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் சுற்றி இருக்கும், தூத்துக்குடியில் அதுவும் இல்லை. அதனால் நமக்கு அது கால் நனைக்கிற விஷயம். ஹூக்ளியின் கீழ்ப்பகுதியில் அமாவாசை பௌர்ணமி நாட்களில் வித்தியாசம் 5 மீட்டர் அளவுக்குப் போகும். ஒன்றரை மாடி உயரம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. முகத்துவாரம் புனல் மாதிரி அகலமாக ஆரம்பித்துக் குறுகிக்கொண்டே போவதால், வங்காள விரிகுடாவிலிருந்து வரும் தண்ணீர் நெருக்கப்பட்டு மேலே எழும்புகிறது.

மணல் மேட்டின் மேல் எப்போது போதுமான தண்ணீர் இருக்கிறதோ அப்போதுதான் கப்பல் தாண்ட முடியும். அந்த நேரம் ராத்திரி இரண்டு மணி என்றால் ராத்திரி இரண்டு மணிதான். கேப்டன் கிளம்பலாம் என்று சொன்னாலும், சரக்குக்காரன் ஃபோனில் கத்தினாலும், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. தவறவிட்டால் நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். கொல்கத்தாவரை ஒரே ஏற்றத்தில் போய்ச்சேர எல்லாக் கப்பலாலும் முடியாது, வழியில் குல்பி, டயமண்ட் ஹார்பர் பக்கம் நின்றுதான் போகும்.

பைலட் வந்துட்டா கேப்டனுக்கு வேலை இல்லையா? நீங்க யார் பேச்சைக் கேப்பீங்க?

சுக்கானில் நிற்கும்போது பைலட் சொல்வதைத்தான் கேட்பேன். “ஸ்டார்போர்ட் டென்” என்பார், அதாவது வலப்பக்கம் பத்து டிகிரி, நான் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு சக்கரத்தைத் திருப்புவேன், முள் பத்தில் நின்றதும் “ஸ்டார்போர்ட் டென் நவ்” என்பேன். திருப்பிச் சொல்லாமல் செய்தால் திட்டு விழும், அதில் நியாயமும் உண்டு, இந்த ஆற்றில் வலது இடது மாறிப்போனால் திருத்த இடம் கிடையாது. மணிக்கணக்கில் இப்படி நிற்க முடியாது என்பதால் சுக்கானிகள் மாற்றி மாற்றி நிற்போம்.

ஆனால் பொறுப்பு கேப்டனிடமிருந்து எங்கேயும் போகாது. பைலட் வழி சொல்கிறார், கப்பலுக்குப் பதில் சொல்லவேண்டியவர் கேப்டன். பைலட் தப்பு செய்கிறார் என்று தெரிந்தால் குறுக்கிடவேண்டியதும் அவர்தான். நான் பார்த்த கேப்டன்கள் ஹூக்ளியில் தூங்கியதே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாலும் ஆழமானியின் சத்தத்தில் காது இருக்கும்.

அவ்வளவு கஷ்டம்னா அங்க ஏன் போறீங்க? நம்ம கரண்டுக்கும் அந்த ஆத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது மாமா. தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது, நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி, அது அங்கேயே எரிகிறது. எண்ணூர்ப் பக்கமும் தூத்துக்குடியிலும் இருக்கும் அனல்மின் நிலையங்களுக்கு வங்காளம், ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் வரவேண்டும். தால்ச்சர் நிலக்கரி பெரும்பாலும் பாரதீப் வழியாக, ராணிகஞ்ச் பக்கத்து நிலக்கரி ஹால்டியா வழியாக. தமிழக அரசின் பூம்புகார் கப்பல் கழகம் இதற்காகவே தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று கப்பல்கள் ஓட்டியது. ஹால்டியாவில் “தமிழ்” என்று எழுதிய கப்பல் நிற்பதைப் பார்த்தால் ஒரு சந்தோஷம், சொன்னால் சிரிப்பீர்கள்.

கஷ்டம் என்னவென்றால் முழுச் சரக்கு ஏற்ற முடியாது. ஒரு பனாமாக்ஸ் கப்பல் (பனாமா கால்வாயில் நுழையும் அளவுக்குக் கட்டிய பெரிய கப்பல்) முழுதாக ஏற்றினால் 12 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் மூழ்கும். ஹால்டியா தாங்குவது ஏறக்குறைய 8 மீட்டர், கொல்கத்தா அதைவிடக் குறைவு. அதனால் வெளிநாட்டு நிலக்கரியோடு வரும் கப்பல்கள் விசாகப்பட்டினத்திலோ பாரதீப்பிலோ பாதியை இறக்கி, வயிறு மெலிந்தபிறகுதான் ஹால்டியாவுக்குள் வருகின்றன. செலவுதான். ஆனால் பின்னால் எஃகு ஆலைகள், நேபாளம், பூட்டான் எல்லாம் இந்தத் துறைமுகத்தை நம்பி இருக்கின்றன.

ஃபராக்காவுல அணை கட்டி மணலைத் தள்ளி விட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே?

கட்டினார்கள், 1975-ல் ஓடத் தொடங்கியது. அங்கே கங்கையைத் தடுத்து, சுமார் 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி, வினாடிக்கு 40,000 கன அடித் தண்ணீரை ஹூக்ளிக்குத் திருப்பினால் அது மணலை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது திட்டம். கோடையில் கங்கையிலேயே தண்ணீர் சுருங்கும்போது பங்களாதேஷுக்கும் பங்கு கொடுக்கவேண்டும், அதற்குத்தான் 1996-ல் முப்பது வருஷ ஒப்பந்தம் போட்டார்கள்.

மேலே இருந்து வரும் தண்ணீர் மணலைத் தள்ளுகிறது, கீழே இருந்து கடல் ஏற்றம் மணலைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஏற்றம் கொஞ்ச நேரத்துக்குள் வேகமாக ஏறிவிடுகிறது, இறக்கம் நிதானமாக இறங்குகிறது, வேகமாக வருவதுதான் அதிக மண்ணைச் சுமக்கும். ஆக முகத்துவாரத்தில் தூர் எடுக்கும் கப்பல்கள் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாங்கள் போகும்போதும் அது தோண்டிக்கொண்டிருக்கும், திரும்பும்போதும் தோண்டிக்கொண்டிருக்கும்.

ஜேம்ஸ் அண்ட் மேரின்னு ஒரு இடம் கப்பலையே முழுங்கிடும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான், பேய்க்கதை இல்லை. தாமோதர், ரூப்நாராயண் என்ற இரண்டு ஆறுகள் கொஞ்ச தூர இடைவெளியில் ஹூக்ளியில் வந்து சேரும் பகுதியில் உள்ள மணல் திட்டு அது. 1694-ல் ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற கப்பல் அங்கே அழிந்ததால் அந்தப் பெயர்.

மூன்று நீரோட்டமும் மோதுவதால் மணல் சேறாக இறுகாமல் புதைமணலாகக் கிடக்கும். கப்பலின் அடி அதில் சிக்கினால், ஓடும் தண்ணீர் பக்கவாட்டில் அடித்துக் கப்பலைச் சாய்க்கும், அடியில் ஒரு பக்கத்து மணலை அரித்துக்கொண்டும் போகும். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள் சில நிமிஷங்களில் புரண்டிருக்கின்றன. இப்போது எஞ்சின் பலம் இருக்கிறது, தடமும் அளந்து வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்த வளைவில் பைலட் பேச்சைக் குறைத்துவிடுவார், முன்னால் நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்துவோம்.

‘பான்’ வருதுன்னு வங்காளிங்க ஓடுறாங்களே, சுனாமி மாதிரியா?

சுனாமி நிலநடுக்கத்தால் வருவது. பான் அட்டவணையில் நேரம் போட்டு வருவது. மேலே சொன்னேனே, ஏற்றம் வேகமாக ஏறுகிறது என்று, பெரிய ஏற்ற நாட்களில் அந்த வேகம் தாங்காமல் முன்னணித் தண்ணீர் ஒரு சுவராக எழும்பி ஆற்றின் மேல்நோக்கி ஓடும். மழைக்காலத்துப் பெரிய பானை ‘ஷாராஷாரிர் பான்’ என்பார்கள், இரண்டு காளைகள் முட்டிக்கொள்வது போல என்று அர்த்தம்.

ஒரு தடவை கொல்கத்தாவில் படித்துறையில் நின்று பார்த்தேன். போலீஸ் மைக்கில் எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார்கள். அதுவரை கரையில் கட்டியிருந்த படகுகளை மாஜிகள் (படகோட்டிகள்) அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் புரியவில்லை, ஆபத்து வரும்போது ஏன் நடுவில் போகிறார்கள்? பக்கத்தில் பூ விற்றவர்தான் சொன்னார்: கரையில்தான் அலை உடையும், ஆழத்தில் அது வெறும் எழும்பல். சொன்ன மாதிரியே, கரையோரம் வெள்ளையாக நுரைத்து உருண்டு வந்தது, நடுவில் படகுகள் வரிசையாக மூக்கை அலைக்கு நேராக வைத்து ஒரு முறை ஏறி இறங்கின. அவ்வளவுதான். படித்துறையில் ஆறேழு படி தண்ணீருக்குள் போய்விட்டது, என் செருப்பும்.

ஆத்துல கப்பல் மட்டும்தானா? வேற யாரெல்லாம் இருப்பாங்க?

கப்பல்தான் அங்கே விருந்தாளி. மேலே ஹவுரா, பாபுகாட் பக்கம் லாஞ்சுகள் ஆபீஸ் கூட்டத்தை அள்ளிக்கொண்டு குறுக்கே ஓடும், நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. பங்களாதேஷ் சிமெண்ட் ஆலைகளுக்கு அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிய சின்னக் கப்பல்கள் டெக் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும், சுந்தரவனம் வழியாக. ராத்திரி அவற்றின் விளக்கு சரியாகத் தெரியாது, எனக்கு அவற்றைக் கண்டால் பயம். டால்ஃபின் உண்டு, முதுகு மட்டும் ஒரு நொடி தெரியும்.

மழைக்காலத்தில் இலிஷ் மீன் முட்டை போடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். அப்போது வலைகள் தடத்துக்குக் குறுக்கேயே கிடக்கும். பைலட் ஹாரன் அடிப்பார், மீனவர் கையை ஆட்டுவார், நீ ஒதுங்கு என்கிறாரா நான் ஒதுங்குகிறேன் என்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. வலை புரொப்பல்லரில் சுற்றினால் அவருக்கும் பிழைப்பு போச்சு, நமக்கும் வேலை கெட்டது. கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கத்து நியாயமும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடற்கரைக்கு இருக்கும் தடைக்காலம்தான் அங்கேயும் கடலுக்கு.

அப்புறம் தைப்பொங்கல் சமயம். அதே மகர சங்கராந்திக்குச் சாகர் தீவில் கங்காசாகர் மேளா, லட்சக்கணக்கில் ஜனம் லாஞ்சில் ஆற்றைத் தாண்டும். அந்த மாசத்தில்தான் மூடுபனியும். முன்னால் ஒன்றும் தெரியாமல், சுற்றிலும் சங்கொலி கேட்டுக்கொண்டு, நங்கூரம் போட்டு உட்கார்ந்திருப்போம். பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார் ஒரு வருஷம், வெல்லத்துக்குப் பதில் வங்காளத்துப் பேரீச்ச வெல்லம் போட்டு. நம்ம பொங்கலைவிட நன்றாகவே இருந்தது, அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்க அத்தை அந்தமானுக்குக் கப்பல்ல போகணுங்கிறாங்க, கொல்கத்தாலேருந்து போகலாமா?

போகலாம், கிதர்பூரிலிருந்து கப்பல் உண்டு, ஆனால் நம்ம ஆட்கள் சென்னையிலிருந்தே போகலாமே. இரண்டுமே கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம். கொல்கத்தா வழி என்றால் முதல் நாள் முழுக்க ஆறு, வாந்தி இருக்காது. அதுதான் ஒரே வசதி.

கப்பல்ல வேலை வாங்கித் தர ஏஜெண்ட் ரெண்டு லட்சம் கேக்குறாரு, குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்குவது சட்டப்படி தப்பு. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) கொடுத்த ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கவேண்டும், அந்தப் பட்டியல் டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தேடிப் பாருங்கள். பயிற்சிக் கட்டணம் வேறு, அது அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ரசீதோடு கட்டுவது. டெக், எஞ்சின் கடைநிலை வேலைக்கு ஆறு மாத ஜிபி ரேட்டிங் படிப்பு, அப்புறம் இண்டாஸ் எண் (கடலோடிக்கான அடையாள எண்), சிடிசி (கடலோடியின் பணிப் பதிவுப் புத்தகம்).

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானும் ஏமாந்தவன். வீட்டு நகையை அடகு வைத்து ஓர் ஆளிடம் கொடுத்தேன், எட்டு மாசம் மும்பையில் ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்தேன், கப்பலும் வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை.

ஹூக்ளி பைலட் ஆகணும்னா என்ன படிக்கணும்?

முதலில் கடலில் டெக் ஆபீசராகிச் சான்றிதழ் வாங்கவேண்டும். அப்புறம் துறைமுகத்தில் சேர்ந்து இதே ஆற்றில் மூத்த பைலட்டுகளோடு பயிற்சி. முதலில் சின்னக் கப்பல், படிப்படியாகப் பெரிய கப்பல். சுக்கானியிலிருந்து நேராகப் போக வழி இல்லை, என்னைக் கேட்காதீர்கள்.

உள்ள போறது கஷ்டமா, வெளிய வர்றது கஷ்டமா?

எல்லோரும் உள்ளே போவது என்று நினைக்கிறார்கள். வெளியே வருவதுதான் கஷ்டம். உள்ளே போகும்போது ஏற்றமும் நம்மோடு அதே திசையில் மேலே வருகிறது, ஒரு மேட்டைத் தாண்டினால் அடுத்த மேட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே வரும்போது நாம் ஏற்றத்துக்கு எதிரே போகிறோம். மேல் மேட்டில் உச்சத் தண்ணீர் இருக்கும்போது கிளம்பினால், கீழ் மேட்டுக்கு வருவதற்குள் அங்கே இறங்க ஆரம்பித்துவிடும். நிலக்கரி ஏற்றிய கப்பல் வேறு பாரமாக இருக்கும். வேகமாக ஓடிவிடலாமே என்பீர்கள். ஆழம் குறைந்த தண்ணீரில் வேகம் கூட்டினால் கப்பல் இன்னும் கீழே அமுங்கும், சுக்கானும் சொன்னபடி கேட்காது.

அப்ப தரை தட்டிட்டா என்ன செய்வீங்க?

எந்த நேரத்தில் தட்டியது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மென்சேற்றில் தட்டினால் பெரிய விஷயமில்லை, கொஞ்ச நேரத்தில் ஆறே தூக்கிவிடும். அதனால்தான் முடிந்தவரை மேடுகளை ஏற்றத்திலேயே தாண்டப் பார்ப்பார்கள். அமாவாசை ஏற்றத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தால் தொலைந்தது, அடுத்தடுத்த ஏற்றங்கள் அந்த உயரத்துக்கு வராது, சரக்கை இறக்கி எடை குறைக்கவேண்டும், இல்லையென்றால் பௌர்ணமிவரை அங்கேயே குடியிருக்கவேண்டும். ஜேம்ஸ் அண்ட் மேரி மாதிரி இடத்தில் இறக்கத்தில் சிக்குவதைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு தடவைதான். ஹால்டியாவுக்குக் கீழே, விடியற்காலை, நான்தான் சுக்கானில். சத்தம் ஒன்றும் இல்லை, கப்பல் யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி மெதுவாகத் தயங்கியது, சுக்கானைத் திருப்பினேன், திசைமானியில் எண் நகரவில்லை. “நாட் ஆன்சரிங், சார்” என்றேன். பைலட் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேப்டனிடம் “நாற்பது நிமிஷம்” என்றார், பாதி குடித்திருந்த டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். முப்பத்தைந்தாவது நிமிஷம் எண் நகர்ந்தது.